சேர்க்கை, சேர்தல், சேரி

1

பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளில் சில ஆண்டுகளாக மூன்று சொற்கள் கைகோத்து வருகின்றன: பன்மை, சமத்துவம், உள்ளடக்கம். மூன்றாவது சொல் நமக்குப் பழக்கமானது. உருவமா உள்ளடக்கமா என்று இரண்டு தலைமுறை விமர்சகர்கள் சண்டையிட்டுக் களைத்த சொல் அது. இப்போது அதே சொல், வெளியே நிற்பவர்களை உள்ளே கொண்டுவருவது என்ற அர்த்தத்தில் புழங்குகிறது. அதற்குள் ஓர் 'அடக்கம்' ஒளிந்திருப்பதைச் சுற்றறிக்கை எழுதியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. உள்ளே விடுவதும் உள்ளே அடக்குவதும் ஒரே சொல்லில் நடந்துவிடுகின்றன.

நம் ஊர்களில் இந்தக் காரியத்துக்கு வேறொரு சொல் இருக்கிறது. பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் அரசு கலைக் கல்லூரிகளின் வாசலில் எழுதிக் கட்டப்படும் சொல்: சேர்க்கை. இது பிறவினையில் பிறந்தது. ஒருவர் இன்னொருவரைச் சேர்ப்பது. சேர்ப்பவர் ஒருவர், சேர்க்கப்படுபவர் ஒருவர். இதன் தன்வினை சேர்தல். தானே போய்ச் சேர்வது. இதே வேரில் இன்னொரு சொல்லும் உண்டு. பலர் சேர்ந்து வாழும் இடம் என்று மட்டுமே ஒருகாலத்தில் பொருள்பட்ட சேரி, பிற்காலத்தில் சேர்க்கப்படாதவர்களின் இடமாயிற்று. ஒரு சமூகத்தின் நீதி உணர்வு எப்படிப் பிறழ்ந்தது என்பதை இந்த ஒரு வேரை வைத்தே சொல்லிவிடலாம்.

என் கேள்வி இது. ஒரு கல்லூரி ஒருவரைச் சேர்த்துக்கொண்ட பிறகு அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? இதை விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் வைத்துக் கேட்கிறேன். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு அரசு கலைக் கல்லூரிகள். ஒன்று அறிஞர் அண்ணா பெயரில், மற்றொன்று ஆ. கோவிந்தசாமி பெயரில். இரண்டும் 1960களின் இறுதியில் அரசாங்கம் தாலுகா ஊர்களுக்குக் கல்லூரிகளைக் கொண்டுபோனபோது வந்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2021இல் விழுப்புரத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் சட்டமாகி, அதே ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. மேலே பலகைகள் மாறிக்கொண்டிருந்தபோதும் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் அதே கிராமங்களிலிருந்து அதே டவுன் பஸ்களில் வந்தவர்கள்தாம்.

2

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பன்மை என்பதும் பங்கு என்பதும் வேறு வேறு நியாயங்கள்.

பன்மை என்ற நியாயம் பலமாக வேரூன்றியது அமெரிக்காவில், 1978 ஜூனில். கலிபோர்னியாவின் ஒரு மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. பாக்கி என்ற வெள்ளையர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. ஆனால் நீதிபதி பவல் ஒரு கதவைத் திறந்துவைத்தார். பலவகை மாணவர்கள் ஒன்றாகப் படிப்பது கல்விக்கு நல்லது. அதற்காக இனத்தையும் ஓர் அம்சமாகக் கணக்கில் கொள்ளலாம் என்றார். பழைய அநீதிக்கு ஈடு என்ற பேச்சு பின்னுக்குப் போனது. கறுப்பின மாணவர் உள்ளே வரலாம், ஏனென்றால் அவர் வந்தால் மற்றவர்களின் படிப்பு வளமாகிறது. 2023இல் ஹார்வர்ட் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. இரவலாகத் தரப்பட்ட நியாயத்தின் கதி இதுதான். கொடுத்தவருக்குப் பயன் தீர்ந்தது என்று தோன்றினால் திரும்ப வாங்கிக்கொள்ளப்படும்.

பங்கு என்ற நியாயம் இங்கே அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1921இன் வகுப்புவாரி அரசாணை, 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அது விழுந்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், 1993இன் 69 சதவீதச் சட்டம் என்று அதன் வரலாறு நமக்குத் தெரியும். இந்த நியாயம் யாருக்கும் நன்றி சொல்லச் சொல்வதில்லை. நான் வந்தால் உன் வகுப்பறை அழகாகும் என்று அது வாதாடவில்லை. இது பொதுச் சொத்து, என் பங்கு எங்கே என்று கேட்டது. கணக்குப் பார்த்துக் கேட்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அதைக் கலாச்சாரமற்ற எண்ணிக்கை அரசியல் என்று இளக்காரமாகப் பேசிய எழுத்தாளர்கள் நம் வட்டங்களிலேயே இருந்தார்கள். பங்குக்காரனிடம் பண்பாடு எதிர்பார்ப்பது பாகம் பிரிக்க விரும்பாதவனின் வழக்கமான தந்திரம்.

ஆக, இறக்குமதிச் சொல்லைக் கையில் எடுக்கும் கல்லூரி ஒன்றை மறந்துவிடக்கூடாது. பங்கை விட்டுவிட்டுப் பன்மையைப் பேசுவது உரிமையை அலங்காரமாக மாற்றுவது. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. பங்கு வாசல்வரைக்கும்தான் பேசும். அதற்குப் பின்னால் அது ஊமை.

3

இந்தப் பகுதியில் பங்கு எப்படிக் கேட்கப்பட்டது என்று பார்க்கலாம். ஆ. கோவிந்தசாமி ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியிலிருந்து வந்தவர். 1967இல் அண்ணா அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சரானார். மருத்துவர் ராமதாஸ் 1980இல் வன்னியர் சங்கத்தைத் தொடங்கியபோது அவர் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தது திண்டிவனத்தில். 1987 செப்டம்பரில் ஒருவாரச் சாலை மறியல்; உயிரிழந்தவர்கள் 21 பேர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவும் 20 சதவீதமும் வந்தன. 2021 பிப்ரவரியில் அதற்குள் வன்னியருக்கு 10.5 என்று சட்டம் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முந்திரிக்காட்டிலும் கரும்புக் கொல்லையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்த கதை இதற்குள் இருக்கிறது.

இதே மண்ணில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 1978 ஜூலை, விழுப்புரம் நகரம். தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். வாஷிங்டனில் பன்மையின் நியாயம் எழுதப்பட்டதற்கு அடுத்த மாதம். 1987 மறியலின்போதும் பல ஊர்களில் தலித்துகளின் குடிசைகள் எரிந்தன. ஒரு சாரார் தம் பங்கைக் கேட்டு எழுந்தபோது, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் கூரை ஏன் எரிந்தது? பங்கு என்ற நியாயத்தில் இதற்குப் பதில் கிடையாது. பங்கு ஒரு தொகுதியை மேலே உள்ள தொகுதியோடு ஒப்பிட்டுப் பேசும். பக்கத்தில் இருப்பவனை அது பார்ப்பதில்லை. பார்த்தாலும் போட்டியாளனாகவே பார்க்கும்.

அட்டவணைப் பழங்குடியினருக்கான 1 சதவீதத்தையும் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில் பழங்குடி என்றால் பெரும்பாலும் இருளர். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் குடும்பத்தோடு இடம் மாறிக்கொண்டிருப்பவர்கள். ஒரு சதவீதத்தில் தன் பங்கைக் கேட்க முதலில் சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றவர்களுக்கு அது வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடியும். பழங்குடியினர் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். அங்கே அப்பாவின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்பா பள்ளிக்கூடத்தையே பார்த்திராதவர். பங்கு சட்டத்தில் இருக்கிறது. பங்குதாரர் இருப்பதற்குத்தான் அத்தாட்சி இல்லை.

4

வகுப்பறைக்குள் வருவோம். அரசு கலைக் கல்லூரிகள் பன்மையைத் தேடி அலையவேண்டியதில்லை. வசதியுள்ளவர்கள் பொறியியலுக்கும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போய்விட்ட பிறகு மிஞ்சும் எல்லாரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வன்னியர், பறையர், முஸ்லிம், மீனவர், அருந்ததியர், வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவர். வேறிடங்களில் திட்டம் போட்டுச் செய்வதை இங்கே வறுமையே செய்து வைத்திருக்கிறது. கேள்வி, இவர்கள் ஒருவரோடொருவர் என்ன உறவில் இருக்கிறார்கள் என்பது.

பகலில் ஒரே பெஞ்சு. மாலையில் விடுதிகள் வேறு. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதி ஒன்று, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதி ஒன்று. துறைகளின் வசதிக்காகப் பிரித்தது, ஊருக்கும் காலனிக்கும் இடையே உள்ள தெருவை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. 2025இல் அரசாங்கம் எல்லா விடுதிகளுக்கும் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர் வைப்பதாக அறிவித்தது. காலனி என்ற சொல்லையும் ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சொன்னது. சொல்லை மாற்றுவது அற்பம் என்று நான் நினைக்கவில்லை. சொல்லோடு ஜீவிக்கிற நாம் அப்படி நினைக்கவும் கூடாது. ஆனால் ஒரே பெயருள்ள இரண்டு கட்டடங்களில் யார் எதில் படுக்கிறார்கள் என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

பிறகு உதவித்தொகைச் சுற்றறிக்கை. பியூன் கொண்டுவந்து நீட்டுகிறார், ஆசிரியர் படிக்கிறார், இன்னின்ன வகுப்பு மாணவர்கள் எழுந்து ஆபீசுக்குப் போகலாம். எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கப் பதினைந்து பேர் எழுகிறார்கள். அந்தப் பணம் அவர்களது உரிமை. அதை வாங்க ஒரு நிமிஷம் நிற்கவேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி எந்த அரசாணையும் பேசாது. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிற்றிலிருந்து வகுப்பில் உட்காரும் வரிசை வரை இப்படிப்பட்ட சிறு விஷயங்களை எடுத்துப் பேசியது. இவை சிறு விஷயங்கள் என்று தோன்றுவது எழுந்து நிற்கவேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கு.

பணம் வந்து சேர்வதும் ஒரு கதை. நான் வங்கிக் கவுண்டரில் உட்காருபவன் என்பதால் சொல்கிறேன். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் நேராக மாணவியின் கணக்குக்குப் போகும். எந்தக் கணக்குக்கு? கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாரோ அங்கே. எங்கோ ஒரு முகாமில் யாரோ திறந்துவைத்த, தனக்கே ஞாபகமில்லாத ஒரு கணக்கில் பணம் சேர்ந்துகொண்டிருக்க, அந்தப் பெண் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு இன்னொரு கவுண்டரில் நிற்பார். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்தாக. கம்ப்யூட்டருக்கு இரண்டு பேரும் வேறு வேறு பெண்கள். எல்லாருக்கும் ஒரே விதி என்ற சமத்துவம் இங்கே அட்சரம் பிசகாமல் நடக்கிறது. விதியைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் உள்ளவருக்கு ஒரு மணி நேர வேலை, இல்லாதவருக்கு ஒரு வருஷம். பிரான்சில் பூர்தியேவும் பாஸ்ரோனும் 1960களில் கல்வியைப் பற்றிச் சொன்னதன் சாரம் இதுதான்: சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதன் மூலமே பள்ளி சமமின்மையைப் பாதுகாக்கிறது. அதைக் கண்டுகொள்ள பாரிஸ் போகவேண்டியதில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு கிளைக்கு வந்தால் போதும்.

5

இப்போது நமக்குச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். தரம்.

சிறுபத்திரிகை என்பதே தரம் என்ற சொல்லின் மேல் கட்டிய வீடு. ஜனரஞ்சகத்துக்கு எதிராக நாம் நின்றது அதை வைத்துத்தான். அதே சொல் கல்லூரி வாசலில் தகுதி என்ற பெயரில் நிற்கிறது. வெளியே நின்றவர்களை அது என்ன செய்தது என்பதும் தெரியும். ஆகவே தரத்தைக் கைவிட்டுவிடலாமா? நம்மில் சிலர் அப்படி முடிவுகட்டி நிம்மதி அடைந்துவிட்டார்கள். எனக்கு அந்த நிம்மதி சந்தேகமாக இருக்கிறது.

ஏனென்றால் அது வகுப்பறையில் என்ன உருவம் எடுக்கிறது என்பதைப் பார்க்கலாம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்தில் சேர்கிற ஒரு பெண். ஷேக்ஸ்பியர் நாடகம் பாடம். மூன்று மாதத்தில் நாடகப் புத்தகம் அவர் கைக்கு வரவே வராது. கோனார் நோட்ஸ் காலத்து வழக்கம் வேறு பெயர்களில் தொடர்கிறது. இருபது கேள்விக்குப் பதில், கதைச் சுருக்கம் தமிழில். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் முடியும் சார் என்று ஆசிரியர் இரக்கத்தோடு சொல்வார். பிள்ளை பாஸாகிவிடும். பட்டம் கிடைத்துவிடும். ஒரு காட்சியைக்கூட, ஒரு வரியைக்கூட, அவர் தானாகப் படித்து அது தன்னை என்ன செய்கிறது என்று பார்க்காமலே மூன்று வருஷம் கழிந்துவிடும். இதைவிட நாசூக்கான விலக்கல் உண்டா? வாசலில் தடுத்த பழைய கல்லூரி, உன்னால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னது. இது, உன்னால் முடியாது என்று முடிவு செய்துவிட்டு, உள்ளே உட்காரவைத்துப் பட்டமும் கொடுத்து அனுப்புகிறது. முன்னதை எதிர்த்துப் போராடலாம். இரண்டாவதை அடையாளம் காணக்கூட அவரிடம் கருவி இல்லை.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம், தொகுப்பூதியத்தில் வருஷா வருஷம் தள்ளாடும் வேலை. அவரும் சேர்த்துக்கொள்ளப்படாமல் உள்ளே இருப்பவர். எதிர்பார்க்கப்படாதவரிடம் எதிர்பார்ப்பை வளர்க்கச் சொல்கிறோம்.

தகுதி என்ற கேள்வி தவறான ஆளிடம் கேட்கப்பட்டது என்றே எனக்குப் படுகிறது. அதை வாசலில் மாணவரிடம் கேட்டோம். கேட்டிருக்கவேண்டியது மூன்று வருஷம் கழித்து, கல்லூரியிடம். வந்தவர் எப்படி வந்தார் என்பதை ஒதுக்கீடு கவனித்துக்கொள்ளும். போகிறவர் என்னவாகப் போகிறார் என்பதற்கு நீ பொறுப்பு. அப்போது தரம் தடுப்புச்சுவராக இருப்பதை விட்டுக் கடனாக மாறுகிறது. இந்த அர்த்தத்தில் தரத்தைக் கைவிடுவது கடனைத் தள்ளுபடி செய்துகொள்வது. தள்ளுபடி ஆவது கடன்பட்டவர் பக்கத்தில்.

இதன் எதிர்முனையிலும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்துக்கு நம் மரபில் ஒரு கதையே இருக்கிறது. நந்தன் தில்லைக்குள் போனார். தீயில் இறங்கி, பழைய உடம்பை விட்டு, பூணூலோடு எழுந்த பிறகு போனார். உள்ளே போனது யார்? சேர்க்கை நடந்தது; சேர்க்கப்பட வேண்டியவர் வழியிலேயே எரிந்துபோனார். கல்லூரிகளும் சின்னச் சின்னத் தீக்குழிகள் வைத்திருக்கின்றன. பேச்சுமொழியை எரி, ஊர்ப்பெயரை எரி, அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற பதிலை எரி. அதே தென்னார்க்காட்டில், சிதம்பரத்தில், 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். தீயை அணைத்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டதாக நான் அதை வாசிக்கிறேன்.

எரியாமல் உள்ளே வருவது எப்படி இருக்கும் என்பதற்கு இந்த இரண்டு ஊர்களிலும் அடையாளங்கள் உண்டு. விழுப்புரம் கல்லூரியில் தமிழ் கற்பித்த த. பழமலய் 1988இல் 'சனங்களின் கதை'யை வெளியிட்டார். புதுக்கவிதை அதுவரை பழகியிருந்த இறுகிய படிம மொழியை விட்டுவிட்டு, தன் ஊர்ச் சனங்களைப் பெயரோடும் பேச்சோடும் கவிதைக்குள் கொண்டுவந்தார். இது கவிதைதானா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதே கேள்வி சனங்களின் பக்கத்திலிருந்து திரும்பியும் வரும் என்பதை அந்தப் புத்தகம் காட்டியது. எங்களைப் பார்க்காத உங்கள் படிமம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? தரத்தின் அளவுகோலை உள்ளே வந்தவர் கையில் எடுத்துப் பார்ப்பது, அதை அவர் முன்னால் தாழ்த்திப் பிடிப்பதைவிட மேலானது.

திண்டிவனத்தில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் கல்யாணி, பிரபா கல்விமணி, வேறொரு திசையில் போனார். 1993இல் அத்தியூரில் இருளர் பெண் ஒருவர் புதுச்சேரிக் காவலர்களால் வன்முறைக்கு ஆளானபோது அந்த வழக்கை எடுத்துக்கொண்டு நடந்தவர்களில் அவர் ஒருவர். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், தாய்த்தமிழ்ப் பள்ளி என்று அவரது வேலை நீண்டது. யார் வாசலுக்கே வர முடியவில்லையோ அவர்கள் குடிசைக்குக் கல்லூரி நடந்து போனது என்று இதைச் சொல்லலாம். சேர்க்கை என்ற பிறவினையில் சேர்ப்பவர் நகர்வதில்லை, நாற்காலியில் இருந்தபடியே சேர்க்கிறார். இங்கே சேர்ப்பவரே போய்ச் சேர்ந்தார்.

6

அம்பேத்கர் 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, சுதந்திரம் சமத்துவம் இரண்டோடு சகோதரத்துவத்தையும் வைத்தார். அது இல்லாமல் மற்ற இரண்டும் வெறும் மேற்பூச்சுதான் என்று எச்சரித்தார். பங்கு சமத்துவத்தின் பக்கத்து வேலை. அதைச் சட்டம் செய்யும், செய்துமிருக்கிறது. சகோதரத்துவத்துக்கு அரசாணை கிடையாது. அதற்கு ஓர் இடமும் கொஞ்சம் காலமும் வேண்டும். இந்த மாவட்டத்தில் ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் மூன்று வருஷம் ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கொருவர் கூலியோ கடனோ கொடுக்க வேண்டியிராமல், உட்காரும் இடம் கலைக் கல்லூரி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வயலில் அது இல்லை, கோயிலில் இல்லை, தேர்தல் கூட்டத்தில் இல்லை. இந்த அசாதாரணமான வாய்ப்பை நாம் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

1987இல் இறந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் 2025 ஜனவரியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அது வேண்டியதுதான். 1978இல் கொல்லப்பட்ட 12 பேரும் அதே நகரத்தின் வரலாறு. இந்த இரண்டு எண்களையும் ஒரு வரலாற்று ஆசிரியர் ஒரே வகுப்பில், ஒன்றால் மற்றொன்றை ரத்து செய்யாமல், சொல்ல முடியுமா? சொன்னால் பெஞ்சின் ஒரு பக்கம் தலைகுனியும். இன்னொரு பக்கம் யார் இதைக் கிளப்பியது என்று பார்க்கும். அடுத்த நாள் வெளியிலிருந்து யாராவது வந்து முதல்வர் அறையில் உட்காருவார்கள். ஆசிரியர் மௌனமாக இருப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மௌனம் நீடிக்கும்வரை, இங்கே பன்மை என்பது ஒரே அறையில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பது. சுற்றறிக்கையின் மூன்று சொற்களை ஒரு கல்லூரி உண்மையிலேயே எடுத்துக்கொள்கிறது என்றால், குழு அமைப்பதற்கும் பலகை வைப்பதற்கும் முன்னால் அந்த ஒரு வகுப்பு நடக்கட்டும். நடத்துகிற ஆசிரியருக்குக் கல்லூரி துணை நிற்கட்டும். மிச்சத்தை அந்த எழுபது பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.